பன்னிரண்டு நிமிடத்தில் அடங்காத வாக்கியம்

திங்கட்கிழமை காலை கந்தவேல் டயாலிசிஸுக்குக் கிளம்பவில்லை.

அவர் மனைவி பூங்கோதை வழக்கம்போலக் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். போர்வை, இயர்போன், தாகம் எடுக்கும்போது அவர் வாயில் அடக்கிக்கொள்ளும் ஏலக்காய் டப்பா எல்லாவற்றையும் பின்சீட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவர் குளித்துச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நேரமாச்சு. அந்த நர்ஸம்மா உங்க பெட்டை வேற ஆருக்காச்சும் குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும் அம்மிணி. நா இனி வர்லை."

அவள் சிரித்தாள். இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் இதே நாடகம்தான். ஊசி குத்துகிற கையைத் திட்டுவார், மெஷினைத் திட்டுவார், 'இந்தப் பம்பை நான் பண்ணியிருந்தா சத்தமே வந்திருக்காது' என்று அதைச் செய்தவனைத் திட்டுவார். கோவை கணபதியில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவருக்கு எல்லா இயந்திரத்தின் மேலும் ஒரு விமரிசனம் உண்டு. திட்டிக்கொண்டே காரில் ஏறிவிடுவார்.

"எந்திரிங்க. இன்னும் கொஞ்ச நாள்தான். ஆபரேஷனுக்குக் கமிட்டி கூப்பிட்டுட்டா என்ற கிட்னி உங்களுக்கு. அப்புறம் என்னையத்தான் திட்டணும்."

அவர் பேப்பரை நான்காக மடித்து வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. கல்யாண வீட்டில் எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டு நிற்கிறவரைப்போல ஒரு நிறைவு.

"போதும்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் கோதை..." என்று நிறுத்தினார். ஒரு மூச்சு விட்டார். "முழுசா வாழ்ந்தவன்."

பூங்கோதையின் சிரிப்பு நின்றுபோனது. வாக்கியத்தைக் கேட்டு அல்ல. அந்த இடைவெளியைக் கேட்டு. அந்த இடத்தில் ஒரு மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நொய்யல் மேடை நடந்திருந்தது.

அது கோயம்புத்தூரில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பேச்சு மாநாடு. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. ஒரு கண் டாக்டர், மில்காரர் வீட்டு மருமகள், கல்லூரி ஆசிரியர்கள் சிலர், ஐ.டி. பிள்ளைகள் சிலர் என ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், ஒரு பேச்சுக்கு ஒரு கருத்து. பேசுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பேச்சை வெட்டி ஒட்டி, பயிற்சி கொடுத்து மேடையேற்றுவது பூங்கோதையின் பொறுப்பு. கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்ததை, கந்தவேலுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் விட்டுவிட்டாள். இந்த மேடையை மட்டும் விடவில்லை. "பிள்ளை இல்லாத வீட்ல உனக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும்" என்று கந்தவேல்தான் சொன்னார். முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. அதில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்குவார். மேடைக்கு அவர் வைத்திருந்த பெயர், 'எங்கூட்டுக்காரியோட பஜனை'.

ஆரம்ப வருடங்களில் அவர் மட்டுமல்ல, ஊரே அதை மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து நின்று கைதட்டுவார்கள், பார்க்கிங்கில் வண்டியை எடுப்பதற்குள் மறந்துவிடுவார்கள். குப்பை பற்றிய பேச்சுக்குக் கண்கலங்கியவர்கள் வெளியே வந்து காபிக் கப்பைச் செடிக்குள் வீசினார்கள். மேடையைத் தொடங்கியவர்களில் ஒருவனான சுகந்தனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. மூளை பற்றிய ஆராய்ச்சியில் வெளிநாட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவன் அவன். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் துணிப்பட்டை ஒன்றைக் கொண்டுவந்து பூங்கோதையின் நெற்றியில் கட்டிக் காட்டினான். அதற்குப் 'பதியம்' என்று பெயர் வைத்திருந்தான்.

"பேச்சோட முக்கியமான வரி வருதில்லக்கா, அந்த எடத்துல இது மூளைய லேசா ஒரு தட்டு தட்டும். அன்னிக்குத் தூங்கறப்ப அந்த வரி மட்டும் கெட்டியாயிரும். அப்புறம் அது யாரோ சொன்னதுன்னே தோணாது. நாமளா யோசிச்சு முடிவு பண்ணுன மாதிரி இருக்கும்."

"தப்பில்லையா சுகந்தா?"

"நல்லதத்தானக்கா நட்டு வெக்கறோம்? டிக்கெட்லயே போட்டுடலாம். சம்மதிச்சவங்க கட்டிக்கட்டும்."

எல்லாரும் சம்மதித்தார்கள். ஹெல்மெட் பற்றிய பேச்சைக் கேட்டவர்கள் தெருமுனைக் கடைக்குப் போகவும் ஹெல்மெட் போட்டார்கள். ரத்த தானம் பற்றிக் கேட்டவர்கள் ரத்த வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். நல்லது நடக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள்?

பதியம் வந்த பிறகு பூங்கோதையின் வேலை மாறிப்போனது. பேச்சு முழுவதும் ஒரே வரியை நோக்கி ஓட வேண்டும். 'இன்னாருக்கு இது பொருந்தாது', 'இப்படியும் ஒரு பக்கம் உண்டு' என்று கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது சொன்னால் மூளைக்குப் போகும் தட்டு இரண்டாகச் சிதறி எதுவும் பதியாமல் போய்விடும். அதனால் விலக்குகளை வெட்டுவது மேடையின் சட்டமாகிவிட்டது. அவள் கை அதில் தேர்ந்துவிட்டது.

இந்த வருடம் டாக்டர் ரெஜினா பேசினார். மருத்துவம் கைவிட்ட நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறவர். ஒத்திகையின்போது அவர் பேச்சின் முடிவில் இரண்டு வாக்கியம் இருந்தது: 'இது வைத்தியம் முடிந்துபோனவர்களுக்கு மட்டும். வழி இருக்கிறவர்கள் கடைசிவரை போராடத்தான் வேண்டும்.'

"இத எடுத்துரலாம் டாக்டர்."

"ஐயோ, இதுதான்மா முக்கியம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? இத வெச்சா வரி பதியாது. நேரமும் தாண்டுது, செவப்பு லைட் எரிஞ்சிரும்."

ரெஜினா அந்த இரண்டு வாக்கியத்தையும் மறுபடி படித்தார். "உங்களுக்குத்தான் தெரியும்" என்று கொடுத்துவிட்டார். பூங்கோதை அந்த இரண்டையும் அடித்துவிட்டு, மிச்சமிருந்த வரியின் நடுவில் ஒரு மூச்சைச் செருகினாள். 'போதும் என்று சொல்லத் தெரிந்தவரே... முழுதாக வாழ்ந்தவர்.' ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேடையின் ஓரத்திலிருந்து பார்த்த பூங்கோதைக்குப் பெருமையாக இருந்தது. முதல் வரிசையில் பட்டை கட்டி உட்கார்ந்திருந்த கந்தவேல் அன்றைக்குத் தூங்கவில்லை என்பதையும் பார்த்தாள். அதற்கும் சேர்த்துத்தான் பெருமைப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை சிறுநீரக மருத்துவர் வீட்டுக்கே வந்து அரைமணி நேரம் கந்தவேலோடு பேசிப் பார்த்தார். வெளியே வந்து தலையை ஆட்டினார். "சுயநினைவோட, தெளிவா, மரியாதையா வேண்டாங்கறார்மா. கட்டித் தூக்கிட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை. இந்த வாரத்துக்குள்ள மனசு மாறணும். அதுக்கு மேல தாங்காது."

அவளும் கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவள் அழுதபோது தலையைத் தடவிக் கொடுத்தார். டயாலிசிஸில் இருக்கிறவருக்குக் குடிக்கும் தண்ணீர் அளவுதான். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் சிறுவாணித் தண்ணீர் ஒரு சொம்பு நிறைய, அண்ணாந்து, சட்டையெல்லாம் நனையக் குடிக்கப் போவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவள் ஆத்திரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை எதிரில் கொண்டுவந்து வைத்தாள். "இதுக்குத்தான மாமா ஆசப்பட்டீங்க? இதுக்காகவாச்சும்?"

அவர் அதைப் பார்த்தார். "தாகமா இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார்.

அவள் நேராகச் சுகந்தனின் அலுவலகத்துக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"அழிக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

"முடியாதுக்கா. அது அவரோட நெனப்போட நெனப்பா கலந்துருச்சு. எது அவரு, எது நாம வெச்சதுன்னு பிரிக்க முடியாது. மேல இன்னொண்ணு வேணா வெக்கலாம். அதுக்கு எதிரான, அத விட அழுத்தமான வரி. அதும் ஒரு தடவைதான். அதே விஷயத்துல மூணாவதா ஒண்ணு வெச்சா ஆளே கொழம்பிப் போயிருவாரு."

"அப்ப வெய்யி. இன்னைக்கே வீட்டுக்கு வா."

"வீட்ல தனியா உக்கார வெச்சுச் சொன்னா ஒட்டாதுக்கா. பக்கத்து சீட்டுக்காரன் மூச்சப் புடிச்சாத்தான் நம்ம மூளையும் கதவத் தெறக்கும். ஒரு அரங்கம் நெறையணும். எல்லாரும் பட்டை கட்டியிருக்கணும்."

"மத்தவங்க பட்டைய மட்டும் அணைச்சு வெக்க முடியாதா?"

"அது ஒண்ணா எழுற அலைக்கா. பாதியில தடுத்தா அவரு வரைக்கும் வராது." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கேக்கறவங்க எல்லாருக்கும்தான் பதியும்."

பூங்கோதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதைப் பிற்பாடு அவள் பலமுறை யோசித்தாள். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் அரங்கம் எடு. சிறப்பு அமர்வுன்னு சொல்லு. நானே பேசறேன்."

எத்தனையோ பேருக்கு மேடை ஏறச் சொல்லிக் கொடுத்தவள் அவள். தான் ஏறியதில்லை. உட்கார்ந்து எழுதினாள். தன் கதையைத்தான் எழுதினாள்: கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்துக் கோபம் வந்தது, பரிசு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தபோது அவன் 'நல்லா இருந்துச்சுங்க, கொரலு' என்றது, வீட்டில் எதிர்த்தது, கைப்பிடித்தது, கருவில் கலைந்த இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் போய் அழுதது. எல்லாம் ஓடிவந்து ஒரே வரியில் முடிந்தது. 'அன்பு வைத்தவரை விட்டுப் போக... யாருக்கும் உரிமையில்லை.'

புதன்கிழமை டாக்டர் ரெஜினாவை வரவழைத்துக் காட்டினாள். தன் பேச்சு செய்த காரியத்தைக் கேள்விப்பட்டதிலிருந்து ரெஜினா நிலைகுலைந்துபோயிருந்தார். படித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு விலக்கு வேணும்."

"வேண்டாம் டாக்டர்."

"பூங்கோதை, ஹால்ல யார் யாரெல்லாமோ உக்காந்திருப்பாங்க. அன்பு வெச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே அடிக்கிறவன் இல்லையா? கொல்றவன் இல்லையா? 'உன்னை வதைக்கிற எடத்துல நிக்க வேண்டியதில்லை'ன்னு ஒரே ஒரு வாக்கியம் போடுங்க. ஒருக்கா என் பேச்சுல வெட்டினது போதாதா?"

"அத வெச்சா அவருக்குப் பதியாது."

"பதியாமப் போகலாம். பதியவும் செய்யலாம்."

"என்ற வீட்டுக்காரர் கால் வீங்கிப் படுத்திருக்காரு டாக்டர்! லாம் லாம்னு சொல்றதுக்கு எனக்கு நாள் இல்லை."

ரெஜினா எழுந்து போய்விட்டார். வெள்ளிக்கிழமை வரவில்லை.

கந்தவேல் வந்தார். அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவே இல்லை. "நீ மேடையேறி நா பாக்காமயா? பட்டையக் கட்டு, என்னத்தையோ கட்டு. வர்றேன்" என்றார். முகம் ஊதி, படுத்தால் மூச்சு முட்டி, சக்கர நாற்காலியில் வந்தார். முதல் வரிசையில் அவரைக் கொண்டுபோய் விட்டது தாரணி.

தாரணி மேடையின் தன்னார்வலர்களில் ஒருத்தி. பல்லடத்துப் பெண். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவனைக் கட்டிக்கொண்டு, விலா எலும்பு முறிந்து, இரண்டு முறை ஓடிவந்து, இரண்டு முறையும் அவன் காலில் விழுந்து அழுததைப் பார்த்துத் திரும்பிப் போனவள். மூன்றாவது முறை ஓடிவந்தபோது அவளைப் பெண்கள் விடுதியில் சேர்த்து, வேலையும் வாங்கிக் கொடுத்தது பூங்கோதைதான். வரவேற்பு மேசையில் நின்று எல்லாருக்கும் பட்டை கட்டிவிடுவாள். உள்ளே உட்கார்ந்து ஒரு பேச்சும் கேட்டதில்லை.

அன்று அரங்கத்தில் நடு வரிசையில் சில நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவசர அழைப்பு, வேலை நாள். சுகந்தன் திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நடுவுல ஓட்டை இருக்கப்படாதுக்கா. அலை அங்கயே நின்னுரும்."

வாட்ச்மேனை உட்கார வைத்தார்கள். கேன்டீன்காரரை உட்கார வைத்தார்கள். அப்போதுதான் தாரணி வந்து நின்றாள்.

"அக்கா, நா வேணா உக்காந்துக்கட்டுங்களா? எத்தன வருசமா வெளியவே நின்னுட்டேன். உங்க பேச்சையாச்சும் கேக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க."

பூங்கோதை அவளைப் பார்த்தாள். ரெஜினாவின் விரல் நின்ற இடம் நினைவுக்கு வந்தது. அப்புறம், மூச்சுக்காகத் தோளை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்த தன் கணவரைப் பார்த்தாள்.

"உக்காரு கண்ணு" என்றாள்.

பேசினாள். பேச்சு நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது. கருவில் கலைந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன இடத்தில் கேன்டீன்காரர் விம்மியது மேடைவரை கேட்டது. கடைசி வரியில் நிறுத்தி மூச்சு விட்டபோது அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து மூச்சை நிறுத்தினார்கள். அந்தச் சில நொடி கந்தவேலின் தோள்கூட அசையவில்லை.

சனிக்கிழமை காலை, அவள் காப்பி போடுவதற்குள் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "கார எடு கோதை. பெட்டு கெடைக்குதோ என்னமோ."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டபோது, இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார்கள்.

அதற்கப்புறம் அவர் ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. நர்ஸைத் திட்டவில்லை, மெஷினைத் திட்டவில்லை. அளந்து கொடுத்த தண்ணீரை அளந்து குடித்தார். 'மாமா, ஒரு வாய் சேத்துக் குடிங்களேன்' என்று அவளே சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம், உனக்காக நா இருக்கோணுமில்ல" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். முன்பெல்லாம் அவர் அப்படிப் பேசவே மாட்டார். இருபத்தைந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து அன்பு என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை. 'சாப்பிட்டயா', 'சால்வையப் போத்து', 'உன்ற மூஞ்சி' என்றுதான் வரும். அதற்குள்ளிருந்து அவள் எடுத்துக்கொள்வாள். இப்போது தினமும் நேராகவே கொடுத்தார். அவள் எழுதிய வார்த்தைகளில், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி. தன் கையாலேயே தனக்குப் பூ வாங்கி வைத்துக்கொள்வதைப்போல இருந்தது பூங்கோதைக்கு. ஆனாலும் அவர் உயிரோடு இருந்தார். அது போதும் என்று தினமும் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் விடுதியிலிருந்து வார்டன் போன் செய்தார். தாரணி பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று.

பூங்கோதை போய்ச் சேர்ந்தபோது தாரணி தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, ஆட்டோவுக்காக நின்றிருந்தாள். இத்தனை அமைதியாக அவளைப் பூங்கோதை பார்த்ததே இல்லை.

"எங்க போற தாரணி?"

"அவருகிட்டங்க்கா. பாவம், தெனமும் போன் பண்ணி அழுவறாரு. என் மேல உசுரையே வெச்சிருக்காரு."

"அவன் உன்ற எலும்ப ஒடைச்சவன்."

"ஆமாங்க." அவள் மறுக்கவில்லை. "அன்பு வெச்சவங்கள விட்டுப் போக..." ஒரு மூச்சு விட்டாள். "நமக்கு உரிமையில்லீங்களேக்கா. நாந்தான் புரிஞ்சுக்காம ஓடி ஓடி வந்துட்டேன்."

"அது நான் வேற ஒருத்தருக்காக எழுதுனது தாரணி. உனக்கில்ல. அது அந்தப் பட்டை பண்ற வேலை. உன்ற நெனப்பே இல்ல அது!"

தாரணி அவளைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தாள். "என்ற நெனப்பு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டு, வீட்டில் தனியாக விட்டுப்போகிற குழந்தைக்குச் சொல்வதைப்போல, "நீங்க பத்திரமா இருங்க" என்றாள்.

பத்து நாள் கழித்துத் தாரணியின் அம்மா ராஜாமணி வந்தார். பல்லடத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார்.

"அவளப் பாக்கவே உட மாட்டேங்கறான். ஜன்னல்ல நின்னா. ஒரு கண்ணு தெறக்கல, வீங்கிப் போயிருக்குது. நா நல்லாருக்கேம்மா, நீ போன்னு சொல்றா. போலீசுக்குப் போனேன். பொம்பளப் போலீசு வீட்டுக்கே வந்து கேட்டாங்க. என் இஷ்டப்பட்டுத்தான் இருக்கேன்னு சொல்லிப்போட்டா. மேஜரு, அவ இஷ்டம், நாங்க என்ன பண்றதுங்கறாங்க."

"உள்ள வாங்கம்மா..."

"அந்த ஆஸ்டல் அம்மா எல்லாஞ் சொன்னாங்க. நெத்தியில கட்டற மெசினாமா. அதுதான் அவ புத்திய மாத்திருச்சாமா. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க கண்ணு. இது அவ சொந்தப் புத்தியில்ல, நாங்க வெச்ச புத்தின்னு. பெரிய எடத்து ஆளு நீங்க சொன்னாக் கேப்பாங்க. அவளத் தூக்கிட்டாச்சும் வந்துருவேன்."

ஒரு வார்த்தை. பூங்கோதை வாயைத் திறந்தாள். உள்ளே கூடத்தில் கந்தவேல் மோட்டார் கேட்லாக் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மாற்று அறுவைக்கான கமிட்டி அடுத்த வாரம் கூப்பிட்டிருந்தது. தருகிறவர், பெறுகிறவர் இரண்டு பேரின் சம்மதமும் சொந்தச் சம்மதமாக இருக்க வேண்டும். பட்டை வைத்த புத்தி சொந்தப் புத்தி இல்லை என்று அவள் போலீசில் போய்ச் சொன்னால், கந்தவேலின் சம்மதமும் அதே அரங்கத்தில், அதே மாலையில் வைக்கப்பட்டதுதான். கமிட்டி கையெழுத்துப் போடாது. டயாலிசிஸையும் யாராவது கேள்வி கேட்பார்கள். முதலில் வைத்தது சொந்தமா, பிறகு வைத்தது சொந்தமா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால் அவருக்கு என்ன மிச்சம்?

"அம்மா, இவருக்கு ஒரு ஆபரேஷன் இருக்குது. அது மட்டும் முடிஞ்சிரட்டும். நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்."

"எப்பங்க?"

"ஒரு மாசம். மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்."

ராஜாமணி அழவில்லை. "அது வரைக்கும் அவ இருக்கோணுமே கண்ணு" என்றார். திரும்பி நடந்தார்.

பூங்கோதை அன்று சுகந்தனைக் கூப்பிட்டு, 'நீ போய்ச் சொல்லேன்' என்றாள். "நா சொன்னா உங்க வீட்டுக்காரரும் மாட்டுவாரேக்கா?" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவனும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

கமிட்டி கூடிய நாளில் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஒரு குளிர்ந்த அறை. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஓய்வுபெற்ற அதிகாரி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூங்கோதையிடம் பேசினார். மென்மையான குரல்.

"சிறுநீரகம் தர்றதுக்கு உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா? புருஷன் வீட்ல, சொந்தத்துல? பயப்படாம சொல்லுங்க. வேணும்னா அவரை வெளியே அனுப்பறோம்."

"இல்லைங்க மேடம். நானேதான் தர்றேன்."

அவர் கந்தவேல் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் முழுச் சம்மதம்தானே சார்? நடுவுல ஒரு வாரம் சிகிச்சையே வேண்டாம்னு சொன்னதாக் குறிப்பு இருக்கு."

பூங்கோதையின் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"சொன்னேனுங்க. அப்ப புரியல. இப்பப் புரிஞ்சுபோச்சு." அவர் மனைவியைப் பார்த்தார். "அன்பு வெச்சவங்கள விட்டுப் போக..." மூச்சு விட்டார். "யாருக்கும் உரிமையில்லீங்களே."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாளின் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"எத்தனையோ தம்பதிங்களைப் பாத்திருக்கேன். இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. நீங்க குடுத்து வெச்சவங்கம்மா" என்றார். கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு பேரும் போட்டார்கள்.

வெளியே நீளமான வராந்தாவில் இரும்பு நாற்காலிகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் ராஜாமணி உட்கார்ந்திருந்தார். எப்படி இடம் கண்டுபிடித்து வந்தாரோ தெரியவில்லை. தலை வாரவில்லை. மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் வாயில் ரத்தக் கறை காய்ந்த தாரணியின் நீலத் துப்பட்டா தெரிந்தது. அவர் எழுந்து வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பூங்கோதையைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத பார்வை.

பூங்கோதையின் கால் நின்றுவிட்டது.

"ஆரு அம்மிணி அது?" என்று கந்தவேல் கேட்டார். "உன்னையவே பாத்துட்டு இருக்குது, பாவம்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"தெரியல மாமா" என்றாள். "வேற ஆரையோ தேடி வந்திருப்பாங்க."